கல்வீடும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழாவிலே நம் பகுதியின் பழைய கல்வீடுகளைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் என்று சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். நான் உடனே இசையவில்லை. நான் கட்டடக்கலை கற்றவனல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையின் முன் நின்ற ஓர் ஆசிரியன் மட்டுமே. தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. நல்லதொரு கல்வீடு இடிபடுவதற்குக் காரணமாயிருந்தவர்களுள் நானும் ஒருவன். அப்படிப்பட்டவன் மேடையேறிப் பழைமையைக் காப்போம் என்று பேசலாமா? அந்தக் கதையை மறைக்காமல் இங்கே சொல்லிவிடுவதென்று முடிவுசெய்த பின்னரே வர ஒப்புக்கொண்டேன். அதைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் கல்வீடு என்றால் என்ன என்று பார்ப்போம்.

நம் கரையோரத்து ஊர்ப்பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். கல்முனை, கல்லாறு, கல்லடி. பெயரிலெல்லாம் கல் இருக்கிறது. ஆனால் நிலத்திலோ மண்வெட்டியை எவ்வளவு ஆழம் இறக்கினாலும் மணலே வருகிறது. யாழ்ப்பாணத்தார் தம் வளவைத் தோண்டினால் சுண்ணக்கல் கிடைக்கும். அதைப் பொழிந்து அவர்கள் நடுமுற்றம் வைத்த நாற்சார் வீடுகளைக் கட்டினார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நாம் களிமண்ணை அறுத்துச் சூளையிலே சுட்டுக் கல்லாக்கிக்கொண்டோம். ஆதலால் நம் வழக்கிலே கல்வீடு என்பது பெரும்பாலும் செங்கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, ஓடு வேய்ந்த வீடாகும். மண்வீட்டுக்கும் கிடுகு வீட்டுக்கும் எதிர்ச்சொல்லாகவே கல்வீடு என்ற சொல் இங்கு வழங்கி வந்தது. "அவர்கள் கல்வீட்டுக்காரர்" என்றால் அந்தக் குடும்பத்தின் நிலையே அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும்.

மெய்யான கல்லைக் காண வேண்டுமானால் மேற்கு நோக்கிப் போகவேண்டும். வயல்வெளிகளைக் கடந்து சென்றால் இறக்காமத்துக் குளமும் அதனை அண்டிய வரிப்பத்தான்சேனையும் வருகின்றன. சேனை என்பது காட்டை வெட்டிச் சுட்டுப் பயிர் செய்யும் நிலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அட்டாளைச்சேனை என்ற பெயரில் சேனையோடு ஒரு கட்டடமும் சேர்ந்திருக்கிறது. அட்டாளை என்பது காவலுக்காக உயர்த்திக் கட்டிய பரண். காடு வெட்டியவன் முதலில் கட்டியது வீடன்று, பரணே. யானைக்கும் பன்றிக்கும் விழித்திருந்து பயிரைக் காத்த பிறகே அவனுக்கு வீடு வந்தது.

அந்தப் பக்கத்திலேதான் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் சத்தாதிச மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் தீகவாபித் தூபி நிற்கிறது. அதுவும் செங்கல்லாலானதே. உகனைக்கு அப்பாலுள்ள இராஜகல மலையிலே நூற்றுக்கணக்கான பழங்கட்டட எச்சங்கள் சிதறிக் கிடக்கின்றன. தெற்கே பாணமையிலிருந்து உகந்தை முருகன் சந்நிதிக்குப் போகும் வழியிலே குடும்பிகல என்னும் இடம் இருக்கிறது. அங்கே துறவிகள் வாழ்ந்த கற்குகைகளையும் பிராமிக் கல்வெட்டுகளையும் காணலாம். அக்குகைகளின் நெற்றியிலே ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறைவழியே உள்ளே வழியாமல் அந்த விளிம்பிலே சொட்டி வெளியே விழும். இந்த நாட்டிலே மனிதன் கல்லைக் கொண்டு செய்த முதல் வீடு அதுவே என்று சொல்லலாம். மழையை எப்படி வெளியே நிறுத்துவது என்ற கேள்விக்கு அன்றைக்குக் கண்ட அந்த விடைதான் பின்னாளில் நம் வீடுகளின் தாழ்வாரமாயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லும் செங்கல்லும் தெய்வத்துக்கும் துறவிக்கும் அரசனுக்கும் உரியனவாகவே நெடுங்காலம் இருந்தன. திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கல்லிலே எழுந்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு விசயபாகு மன்னனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோயில் கல்லில் நின்ற காலத்திலே கும்பிடப் போன குடியானவன் மண்ணிலும் ஓலையிலுமே வாழ்ந்தான். அது வறுமையினால் மட்டும் வந்ததன்று. 1660ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நாட்டுக் குடிமக்கள் மாடிவீடு கட்டவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் அனுமதிக்கப்படவில்லை என்று அதிலே எழுதியிருக்கிறார். வெள்ளைச் சுவர் வைத்துக்கொள்வதற்கும் அரசன் தயவு வேண்டியிருந்தது!

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் பாட்டன் பாட்டிமார் தம் வாழ்நாளிலே ஒரு கல்வீடு கட்டியது வெறும் ஆடம்பரமன்று என்பதை உணர்வதற்காகவே. பல தலைமுறையாக மறுக்கப்பட்ட ஒன்றைத் தம் உழைப்பினால் அவர்கள் எட்டிப் பிடித்தார்கள். நம் ஊர்களில் எஞ்சியிருக்கும் கல்வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இங்கேதான் ஒரு சங்கடம் வருகிறது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்று வரையறுக்கிறது. அதாவது, அரசன் கட்டியதைச் சட்டம் காக்கிறது. குடியானவன் கட்டியது அந்தத் திகதிக்குப் பின்னே வந்துவிட்டது. அதைக் காக்கும் பொறுப்பு பெரிதும் நம்முடையதே.

இனி, அந்த வீடுகள் எப்படி எழுந்தன என்பதைப் பார்ப்போம்.

மண்வீட்டிலிருந்து தொடங்குவதே முறை. காட்டிலிருந்து வெட்டிய கப்புகளை நட்டு, குறுக்கே கம்புகளை வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணைப் பிசைந்து இருபுறமும் அறைவார்கள். கூரைக்குத் தென்னங்கிடுகு, வயற்புறங்களில் இலுக்குப் புல்லும் வைக்கோலும். நிலத்தைச் சாணமிட்டு மெழுகுவார்கள். இந்த வீடு குளிர்ச்சியானது, செலவு குறைந்தது, பழுதானால் அயலவர் கூடி ஒரே பகலில் திருத்திவிடலாம். ஆனால் அதனைப் போற்றிப் பாடுவதற்கு முன் வாரந்தோறும் குனிந்து மெழுகிய பெண்களையும், மாரியிலே ஒழுக்குக்குச் சட்டி வைத்து விடிய விடிய இருந்த தாய்மாரையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கல்வீட்டை அவர்கள் ஆசைப்பட்டதிலே குற்றமில்லை.

கல்வீடு வந்தபோது மண்வீட்டின் அறிவைக் கைவிட்டு வரவில்லை என்பதே அதன் சிறப்பு. வடகீழ்ப் பருவமழையின் வெள்ளத்தை எண்ணி அத்திவாரத்தை உயர்த்தினார்கள். முன்னே திண்ணையும் விறாந்தையும் வைத்து, கூரையைத் தாழ இறக்கி, வெயிலும் சாரலும் சுவரைத் தொடாதபடி செய்தார்கள். சுவரைத் தடிப்பாகக் கட்டினார்கள். தடித்த சுவர் பகல் முழுவதும் வெயிலை மெல்ல மெல்ல உறிஞ்சும். உள்ளே அந்த வெப்பம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கூரையிலே முதலில் வளைந்த பீலியோடு இருந்தது. 1865இல் பாசல் மிஷனார் மங்களூரிலே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின்னர் அந்தக் கரையின் தட்டையோடு கடல்கடந்து பரவிற்று. நாம் அதைக் கள்ளிக்கோட்டை ஓடு என்றோம். ஓட்டுக்கு ஓடு உள்ள இடுக்குவழியே மேலேறிய சூடு வெளியேறிவிடும். வீடு மூச்சுவிட்டது என்று சொன்னால் அது மிகையாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சுண்ணாம்பைச் சொல்லவேண்டும். இது சிறுவர்க்குப் பாடம் சொல்லித்தந்தவன் விருப்பத்தோடு சொல்லும் செய்தி. சிப்பியையோ சுண்ணக்கல்லையோ சூளையிலே ஏறக்குறைய 900 பாகை வெப்பத்திலே சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கி நீறாகிறது. நீரைத் தெளித்தால் கொதித்துப் பொரிந்து சுண்ணாம்பாகிறது. அதை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள அதே வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மறுபடியும் கல்லாகிவிடுகிறது. இந்த மாற்றம் ஒரு நாளில் முடிவதன்று. மாதங்களும் ஆண்டுகளும் செல்லும். பழைய வீட்டுச் சுவர் ஆண்டு செல்லச் செல்ல இறுகுவதன் காரணம் இதுதான்.

இவ்வீடுகளைக் கட்டிய கைகள் யாருடையவை? தமிழ் ஓடாவியின் நிலையும் கதவும் முஸ்லிம் வீட்டிலே நின்றன. முஸ்லிம் மேசனின் சுவர் சைவ வீட்டைத் தாங்கிற்று. முதிரையும் பாலையும் ஒரே காட்டிலிருந்து வந்தன. சைவர் நாள் பார்த்து நிலை வைத்து, குடிபுகும் நாளில் பால் காய்ச்சினார்கள். முஸ்லிம்கள் பாத்திஹா ஓதிக் குடிபுகுந்தார்கள். சுவாமியறை இருக்கும் இடத்திலே அவர்களுக்குத் தொழும் இடம் இருந்தது. மற்றப்படி திண்ணையும் கூடமும் குசினியும் கிணறும் கடப்பும் இரு வீட்டுக்கும் ஒன்றே.

ஒன்றாயிருந்தது இன்னொன்றும் உண்டு. என் பேச்சின் மையம் அதுவே. நம் கரையிலே வீடு பெண்ணுக்கு உரியது. தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இதுவே வழக்கம். மகளுக்குக் கலியாணம் ஆகும்போது வீட்டையும் வளவையும் அவள் பெயருக்கு எழுதுகிறோம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுகிறான். மூத்தவளுக்குத் தாய்வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோரும் இளையவர்களும் அதே வளவிலோ அயலிலோ வேறொரு வீட்டுக்கு மாறுகிறார்கள். மட்டக்களப்புத் தேசத்திலே வழங்கிய முக்குவர் சட்டம் பெண்வழி உரிமையைக் கொண்டது. அதைப்பற்றிப் பிரிட்டோ என்பார் 1876இலேயே நூல் எழுதினார். சட்டம் மறைந்தது, வழக்கம் நிலைத்துவிட்டது. அக்கரைப்பற்றிலே பல்லாண்டுகள் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட பெருநூலிலே இரு சமூகத்தாரின் குடிமுறையையும் கலியாண முறையையும் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதன் பெருமையை உணர, தமிழகத்துச் செட்டிநாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாத் தேக்கும் கற்றூணும் வைத்து அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். அவ்வீடுகள் ஆண்வழியிலே பல பங்காளிகளுக்குப் பொதுவாயின. இரண்டாம் உலகப் போரோடு பர்மாச் செல்வம் போயிற்று. பலருக்கு உரிய வீட்டைப் பராமரிக்க ஒருவரும் இல்லாமல், பல வீடுகள் கழற்றப்பட்டு அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிச் சந்தையில் விலைபோயின. 2014இல் அந்த ஊர்கள் உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. நம்மிடையே வீட்டுக்கு ஒரே உரிமைக்காரி இருக்கிறாள். அவள் அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். பழைய வீட்டைக் காக்க இதைவிடச் சிறந்த ஏற்பாடு எங்கே உண்டு?

அப்படியானால் நம் கல்வீடுகள் ஏன் ஒவ்வொன்றாக மறைகின்றன? இங்கேதான் என் கதையைச் சொல்லவேண்டும்.

1981ஆம் ஆண்டு எனக்குக் கலியாணம் பேசினார்கள். பெண்வீட்டாரிடம் ஒரு கல்வீடு இருந்தது. என் மனைவியின் பாட்டிக்கு அவருடைய தகப்பன் கட்டிக்கொடுத்தது. பாட்டியிடமிருந்து மாமிக்கு வந்து, மூன்றாவதாக என் மனைவிக்கு வரவிருந்தது. முதிரை நிலை, அதன் மேற்சட்டத்திலே ஒரு தாமரையும் இரு கிளிகளும். என் பக்கத்தார் அதைப் பார்த்துவிட்டு, "வீடு பழசு, உத்தியோகம் பார்க்கும் மாப்பிள்ளைக்கு இது போதாது, கொங்கிறீற்றுத் தட்டுப் போட்ட வீடு வேண்டும்" என்றார்கள். நான் அந்தப் பேச்சிலே ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததுதான் என் குற்றம். எனக்கும் அந்த ஆசை உள்ளூர இருந்தது. மாமனார் இரண்டு ஏக்கர் வயலை ஈடுவைத்தார். வீட்டை இடிப்பதென்று முடிவாயிற்று.

இடிப்பதற்கு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு மேசனை அழைத்துவந்தார்கள். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். எல்லாரும் அவரைக் காக்கா என்றே அழைத்தார்கள். அவர் வந்ததும் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார். அலவாங்கை ஓரமாகச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். "தம்பி, இது நல்ல சுவர். எங்கட வாப்பா காலத்து வேலை. கூரையை மாத்தி, ரெண்டு இடத்துல பூசினா இன்னும் அறுபது வருசம் நிற்கும். நீங்க ஒரு சொல்லுச் சொன்னா மாமா நிப்பாட்டிருவார்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "காக்கா, பெரியவங்க எடுத்த முடிவு" என்றேன். அவர் மேலே ஒன்றும் பேசவில்லை. சுவர் விழுவதற்கு நாலு நாள் பிடித்தது. பாட்டி அந்த நாலு நாளும் அயல்வீட்டில் இருந்தார். வளவுப் பக்கம் வரவேயில்லை.

புதுவீடு எழுந்தது. முதற்பங்குனியிலேயே அதனுள்ளே பகலில் இருக்க முடியவில்லை. தட்டு பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் எங்கள்மேல் கக்கிற்று. செலவைக் குறைப்பதற்காகக் கடல்மணலைக் கழுவாமலே சேர்த்திருந்தார்கள். உப்பு கம்பியைத் தின்னத் தொடங்கிற்று. துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றைப் பிளந்தது. இருபத்தைந்து ஆண்டு ஆகுமுன்னே கூரையிலிருந்து கட்டி கட்டியாக விழலாயிற்று. மூன்று தலைமுறை நின்ற சுவரை இடித்து, ஒரு தலைமுறை நில்லாத கூரையைப் பெற்றோம். ஈடுவைத்த வயலோ மாமனார் கைக்குத் திரும்பவேயில்லை.

அன்பர்களே, நான் சீமெந்தின் பகைவனல்லன். 1950இல் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தார் வீடு கட்டிய அதே சுண்ணக்கல்லே அதற்கும் மூலப்பொருளாயிற்று. 1990இல் போரினால் அது நின்றது. அந்த நாற்பதாண்டுக்குள் சீமெந்து பாடசாலையும் பாலமும் தந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியிலே கிடுகு வீடுகள் காகிதம்போலப் பறந்ததைக் கண்டவர்கள் இச்சபையிலே இருக்கிறீர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையிலே நம் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரை இழந்தோம். அந்த அலையின்முன் கல்வீடு என்றும் மண்வீடு என்றும் வேறுபாடு இருக்கவில்லை. உறுதி வேண்டும், பாதுகாப்பு வேண்டும். பழைய வீட்டுக்கும் வளைகளைச் சுவரோடு இறுகப் பிணைத்து, புயலுக்குத் தாக்குப்பிடிக்கும்படி செய்யலாம். அதற்கு இடிக்கத் தேவையில்லை.

பேரலைக்குப் பின் நடந்த ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். கரையோரத்திலே 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் விதித்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. புதுக் குடியிருப்புகளிலே வீட்டு உரிமையைக் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரிலே பதிகின்ற நடைமுறை பல இடங்களில் வந்தது. தாய் வழியாக வந்த வளவு அலையோடு போயிற்று. வந்த வீடு தகப்பன் பெயருக்குப் போயிற்று. வெளியிலிருந்து உதவ வந்தவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது. நாமும் எடுத்துச் சொல்லத் தவறினோம். நம் வீட்டின் வரலாற்றை நாமே அறியாவிட்டால் பிறர் எப்படி அறிவார்கள்?

ஆகவே, கல்வீடுகள் மறைவதற்குக் காரணம் கறையானன்று, மழையுமன்று. கலியாணச் சந்தையிலே "பழைய வீடு" என்ற சொல் இழிசொல்லானதே காரணம். தாய்வீட்டை மகளுக்குக் கொடுப்பது நம் பழைய அறம். அது இன்று, ஒவ்வொரு மகளுக்கும் புதுவீடு எழுப்பாவிட்டால் கலியாணம் இல்லை என்ற கொடுமையாக மாறிவிட்டது. தங்கைமாருக்கு வீடு கட்டிமுடிப்பதற்காகவே மத்திய கிழக்கின் வெயிலிலே இளமையைக் கழிக்கும் அண்ணன்மார் இவ்வூரில் எத்தனை பேர்! வளவைத் துண்டு துண்டாக்கி, மரங்களைத் தறித்து, காற்று நுழையாதபடி பெட்டி பெட்டியாக வீடு நிறுத்துகிறோம். நடுவிலே நின்ற கல்வீடு இடத்துக்காக இடிபடுகிறது. சீதனத்தின் கனம் குறைந்தால் கல்வீடு தானே பிழைக்கும்.

வாலிப அன்பர்களே, இனி உங்களுக்கு என் வேண்டுகோள்கள்.

முதலாவது, பெண்பார்க்கும் வீட்டிலே ஒரு கல்வீடு இருந்தால் "இதுவே போதும்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய ஒரு சொல் அது. பெரியவர்கள் பேசட்டும் என்று ஒதுங்கி நில்லாதீர்கள். அந்த ஒரு சொல் ஒரு வீட்டையும், ஒரு வயலையும், ஒரு மாமனாரின் நிம்மதியையும் காக்கும்.

இரண்டாவது, பழைய சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியேவிடும் இயல்புள்ளவை. மேலே சீமெந்தைப் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டுச் செங்கல்லைப் பொடியாக்கிவிடும். "பூசிப் பார்த்தோம், பிறகுதான் சுவர் பழுதாயிற்று" என்று பலர் சொல்வதன் காரணம் இதுவே. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே மருந்து. ஆனால் அதற்காகக் கடற்பாரை உடைப்பதை ஏற்க முடியாது. பவளப்பாரை அகழ்வதைச் சட்டம் தடுத்திருக்கிறது, பாரை கரையைக் காப்பதனால் அந்தத் தடை நியாயமானது. மாத்தளைப் பகுதிச் சூளைகளில் சுட்ட சுண்ணாம்பை வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவது, நம் சங்கம் ஒரு வேலையை ஏற்கட்டும். இந்த ஊரிலும் அயலூர்களிலும், சைவர் முஸ்லிம் என்ற பேதமின்றி, எஞ்சியுள்ள கல்வீடுகளை அளந்து வரையுங்கள், படமெடுங்கள், எந்தத் தாயிடமிருந்து எந்த மகளுக்கு வந்தது என்று கேட்டு எழுதுங்கள். மேசன்மாரும் ஓடாவிமாரும் சொல்லும் தொழிற்சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908இலே இந்நாட்டுக் கைவினைஞரைப் பற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டார். அவர் ஊர் ஊராகச் சென்று தொழிலாளரிடம் கேட்டறிந்தவர். அந்த வழியை நாம் பின்பற்றலாம். பழையதைக் கற்றால் புதியது கட்ட முடியாது என்று அஞ்சவேண்டாம். கொழும்பிலே 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா என்ற கட்டடக் கலைஞர் நடுமுற்றமும் ஓட்டுக்கூரையும் வைத்துக் கட்டிய ஏனா டி சில்வாவின் வீடு உலகப் புகழ்பெற்றது. அந்த நிலம் வேறு தேவைக்கு உரியதானபோது 2009இல் வீட்டைக் கழற்றத் தொடங்கி, லுணுகங்கையிலே மீண்டும் கட்டி நிறுத்தினார்கள். மனம் இருந்தால் வீட்டைப் பெயர்த்தும் காக்கலாம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வீட்டு உறுதியை மகள் பெயரில் எழுதும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். ஆனால் மாப்பிள்ளை கேட்கிறார் என்று தாய்வீட்டை இடித்துவிடாதீர்கள். இடிக்கச் சொல்பவனுக்கு, இந்த மேடையிலே நின்ற ஓர் ஆசிரியனின் கதையைச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. 1990ஆம் ஆண்டின் கொடிய நாள்களிலும் அதன் பின்னரும் நாமும் முஸ்லிம் சகோதரரும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போக அஞ்சியிருந்தோம். அந்த மேசன் காக்காவை நெடுங்காலம் நான் காணவில்லை. இந்தப் பேச்சுக்கு ஆயத்தம் செய்தபோது அவரைத் தேடி வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். எண்பதைக் கடந்துவிட்டார், கண்பார்வை மங்கிவிட்டது. குரலைக் கேட்டதும் "தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகள் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசலிலே நின்றேன், அப்பால் அடியெடுத்து வைக்க முடியவில்லை. அதே முதிரை நிலை, அதே தாமரை, இரு கிளிகள்.

இடித்த மரத்தையெல்லாம் விறகு விலைக்குப் போட்டபோது அவர் இந்த நிலையைத் தம் கூலியில் கழித்து எடுத்துக்கொண்டாராம். பத்திரமாக வைத்திருந்து, மகளுக்கு வீடு கட்டியபோது வைத்தாராம். "இனி இது பேத்திக்குத் தம்பி. அவளுக்கும் இந்த வீட்டத்தான் குடுக்கச் சொல்லியிருக்கன், புதுசு ஒண்டும் கட்ட வேணாம்" என்றார். "நீங்க வேணுமெண்டா கழட்டித் தாறன்" என்றும் சொன்னார். "வேண்டாம் காக்கா, அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது" என்றேன்.

என் மனைவியின் பாட்டிக்காக ஓர் ஓடாவி செதுக்கிய கதவுநிலை இன்று ஒரு முஸ்லிம் பெண்ணின் வாசலிலே நிற்கிறது; அடுத்து அவள் மகளுக்குப் போகப்போகிறது. நாங்கள் முறித்த வழியை அவர் முறிக்கவில்லை. கூலிக்கு வந்தவர் அறிந்த பெறுமதியை உரிமைக்குரியவர்கள் அறியாமற்போனோம். உங்கள் வீட்டிலே அந்தத் தவறு நிகழவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.